காபி கேள்வி–பதில்: டிகாஷன் ஏன் இறங்கவில்லை?

புது எவர்சில்வர் ஃபில்டர் வாங்கினேன். சில நாள் ஒரு மணி நேரமானாலும் டிகாஷன் இறங்குவதில்லை. சில நாள் ஐந்தே நிமிடத்தில் கழுநீர் மாதிரி இறங்கிவிடுகிறது. மூன்று கடைப் பொடி மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, குடியாத்தம்

ஒரே பொடி ஒரு நாள் அடைத்து, மறுநாள் ஓடினால் கோளாறு பொடியில் இல்லை, போடும் விதத்தில்தான். இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி, 120 மில்லி தண்ணீர். மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஈரத்தில் பொடி களிம்பாகித் துளையை மூடிக்கொள்ளும். பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்தி, தண்டு வைத்த தட்டை அதன்மேல் லேசாக அழுத்தி வையுங்கள். இறுக்கி அமுக்கினால் தண்ணீர் நுழையாது. மேடுபள்ளமாக விட்டால் பள்ளத்தின் வழியே ஓடிவிடும். அதுதான் உங்கள் கழுநீர்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் கழித்து முதலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் ஊற்றுங்கள். பொடி ஊறி உப்பியபின் மீதியைத் தட்டின்மேல் மெதுவாகச் சுற்றி ஊற்றி மூடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் சுமார் 80 மில்லி டிகாஷன் கிடைக்கும். மீதித் தண்ணீரைச் சக்கை குடித்துவிடும்.

அப்படியும் சொட்டவில்லையா? மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள். உடனே சொட்டினால், புதுப் பாத்திரத்தின் வாய் இறுகப் பொருந்தி, கீழே காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பொருள். லேசாகச் சாய்த்து வைத்தால் போதும். தூக்கியும் சொட்டாவிட்டால் பொடி மிக நைசு, அல்லது துளை அடைப்பு. வெறும் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும். காபி எண்ணெய்ப் பிசுக்கு என்றால், அடுப்புத் தீயில் ஓரிரு நிமிடம் காட்டி, ஆறவிட்டுத் தட்டித் துலக்குங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீரின் வேலை, வினிகரில் ஊறவிடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிப் பொடியே இறங்கும்.

எங்கள் போர் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் கொஞ்சம் புளிக்கிறது. எது சரி?
– வாசகர், ஆம்பூர்

கடினத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பை அடக்கிவிடும், அதனால்தான் சப்பென்றாகிறது. ஆர்.ஓ. நீரில் அடக்க ஒன்றுமே இல்லை, புளிப்பு தூக்கலாகத் தெரிகிறது. இரண்டையும் கலந்தால் காபிக்கு நல்லதுதான். ஆனால் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பாலாற்றுக் கரையில் கிணற்று நீரைக் கலக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உலோகக் கழிவு இருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தெளியவைத்து, மேல் நீரை எடுங்கள். வராத நாளில் ஆர்.ஓ. நீரே போதும், சிக்கரி கலந்த பொடியாகப் போட்டால் புளிப்பு தெரியாது.

சிக்கரி எவ்வளவு இருக்கலாம்?
– வாசகி, ஆற்காடு

80:20 (காபி 80, சிக்கரி 20) வாங்குங்கள். சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக இறக்கும், கெட்டித்தன்மையும் தரும். சிக்கரி 40 சதவீதத்தைத் தாண்டினால் நிறம்தான் மிஞ்சும், மணம் இருக்காது. கலவைப் பொட்டலத்தில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

காலை டிகாஷனை மாலையில் சூடுபடுத்தினால் கசக்கிறது.
– வாசகர், வாலாஜாப்பேட்டை

நேரே அடுப்பில் வைக்காதீர்கள். டம்ளரோடு வெந்நீரில் நிறுத்துங்கள். அதைவிட, பாலை நன்றாகக் காய்ச்சி, இறக்கியபின் ஆறிய டிகாஷனை அதில் ஊற்றினாலே சூடு போதும். அக்னி நட்சத்திர வெயிலில் காலை டிகாஷனை வெளியில் வைத்திருந்தால் மணம் போய்விடும். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பொடியை மட்டும் அங்கே வைக்க வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் ஈரம் கோக்கும்.