நாஸ்காவில் கம்ப்யூட்டர் போட்ட பட்டியல்

பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்தில் செயற்கை நுண்ணறிவு 303 நில ஓவியங்களைக் கண்டுபிடித்ததாமே? இத்தனை காலம் விமானத்தில் சுற்றியவர்களின் கண்ணில் படாதது கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இனி தொல்லியல்காரர்களுக்கு வேலை இருக்குமா?
– தேனியிலிருந்து ஒரு வாசகர்

படாததற்குக் காரணம் அளவு. நாம் பார்த்துப் பழகிய குரங்கு, சிலந்தி எல்லாம் கோட்டு ஓவியங்கள். சராசரியாக 90 மீட்டர் இருக்கும். புதிதாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை புடைப்பு வகை, அதாவது கோடாக இல்லாமல் பரப்பாக உருவம் காட்டுபவை; சராசரி 9 மீட்டர்தான். கறுத்த கற்களை விலக்கி, அடியில் இருக்கும் வெளிறிய மண்ணைக் காட்டி வரைந்தவை. ஏறக்குறைய 2000 வருட வெயிலிலும் காற்றிலும் மங்கிப்போனால் விமானத்திலிருந்து என்ன தெரியும்?

ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் மசாட்டோ சகாய் குழுவினர் ஐபிஎம்மோடு சேர்ந்து செய்த வேலை இது, 2024இல் வெளியானது. கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே தெரிந்திருந்த ஓவியங்களே கொஞ்சம்தான். அதனால் சாதாரணப் புகைப்படங்களில் பழக்கிய செயற்கை நுண்ணறிவு மாதிரியை (மாடல்) எடுத்து, இந்த ஓவியங்களைக் காட்டித் தேற்றினார்கள். அப்புறம் 629 சதுர கிலோமீட்டர் வான்படங்களை அதனிடம் கொடுத்தார்கள்.

அது சளைக்காமல் பட்டியல் போட்டது. ஆனால் சராசரியாக 36 இடங்களைக் காட்டினால் ஒன்றுதான் தேறியது. மீதியைக் கழித்துக்கட்ட மனிதர்கள் 2,640 மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். தேறிய 1,309 இடங்களிலும் கால்வாசிக்குத்தான் நேரில் போக முடிந்தது. 303இல் கம்ப்யூட்டர் தனித்தனியாகச் சுட்டியவை 178. இன்னும் 66, அவற்றோடு கூட்டமாக இருந்ததால் கிடைத்தவை. பாக்கி 59, அதன் உதவியே இல்லாமல் மனிதர்கள் கண்டவை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இந்தக் கணக்கே பதில்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்தச் சின்ன ஓவியங்கள் வளைந்து நெளிந்து போகும் ஒற்றையடிப் பாதைகளை ஒட்டியே இருக்கின்றன. மனிதர்கள், லாமா என்ற ஒட்டக இன விலங்கு, வெட்டிய தலைகள்! வழிப்போக்கர் பார்க்கட்டும் என்றே போட்டிருக்கிறார்கள். ‘மேலே இருந்து பார்க்க வேற்றுக்கிரகவாசிக்காக வரைந்தது’ என்று மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. அந்த நண்பர்கள் கொஞ்சம் கீழே இறங்கி நடந்து பார்க்கலாம். கத்தியைப் பிடித்தபடி ஒரு திமிங்கிலம்கூட இருக்கிறது, 22 மீட்டர் நீளத்தில்.