கழற்றியது கியர்பாக்ஸ், கோளாறு கனெக்டரில்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: குளச்சலில் வசிக்கிறேன். என் ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறாமல் ஒரே கியரில் இழுத்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள். பி0840 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பிரித்து வேலை பார்த்து 78,000 ரூபாய் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் மீண்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வேறொரு மெக்கானிக், கியர் ஆயில் அழுத்த சென்சாரின் கனெக்டரில் (வயரை இணைக்கும் சொருகியில்) பூத்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்து 600 ரூபாயில் சரிசெய்துவிட்டார். ஒர்க்‌ஷாப்காரர்களோ, "சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். மோசடி என்றால், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். நீங்கள் சொல்வதில் தெரிவது அவசரமும் அரைகுறை வேலையும்தான். நீங்கள் போகவேண்டிய இடம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கையெழுத்துக்காகத் தயங்காதீர்கள், அவர்கள் சொன்ன காரணத்தை நம்பித்தானே போட்டீர்கள். ஆனால் கணிப்பு தவறிவிட்டது என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகாது. கணிப்பதற்கு முன் பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விட்டதுதான் குறைபாடு. பி0840 சொல்வது, அந்த சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பதை. கியர்பாக்ஸ் கெட்டது என்று அது சொல்வதில்லை. ஆயில் அளவு, வயர், கனெக்டர், சென்சாருக்கு மின்சாரம் வருகிறதா என்பதையெல்லாம் பார்த்து, தனியாக அழுத்தமானி பொருத்தி சென்சார் காட்டுவதோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே கைவைப்பது முறை. அதுவும் குளச்சல் வண்டி! உப்புக்காற்றில் வாசல் கேட்டின் கொண்டியே தாங்காத ஊரில் கனெக்டரைப் பார்க்கத் தோன்றாதது எனக்கு வியப்புதான். ஜாப் கார்டில் (வண்டிக்குப் பார்த்த வேலைகளை ஒர்க்‌ஷாப் எழுதும் சீட்டில்) இந்தச் சோதனைகளில் எவை எழுதப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சையோடு சான்றும் துடைக்கப்பட்டுவிட்டது. "கியர்பாக்ஸும் கெட்டிருந்தது, கனெக்டர் தனிக் கோளாறு" என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். எனவே இரண்டாவது மெக்கானிக்கின் பில்லோடு, அவர் கண்டதைப் பிரமாண வாக்குமூலமாகவும் வாங்குங்கள். துடைப்பதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆம் பிரிவுப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை; வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். 78,000-ஐயும் அந்த 600-ஐயும், அளவான இழப்பீட்டையும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் நியாயமான தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது பிறகு. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி இன்றே ஸ்பீட் போஸ்டில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதுங்கள். அவை கிடைத்தால், ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் 38-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் புகாரோடு இணையுங்கள்.