கேளுங்கள், சொல்கிறோம்: மதில் இல்லாத கோட்டை

‘லாரமி கோட்டை’ என்று படம் பார்த்தேன். மதிலையே காணோம். இதை எப்படிக் கோட்டை என்கிறார்கள்?
– வாசகர், தேவகோட்டை

வேடிக்கை என்னவென்றால், அது கடையாக இருந்தபோது மதில் இருந்தது. ராணுவம் வந்த பிறகு இல்லை.

அமெரிக்காவின் வயோமிங்கில், லாரமி ஆறு வட பிளாட் ஆற்றோடு சேருமிடத்துக்கு அருகில், 1834-ல் வில்லியம் சப்லெட்டும் ராபர்ட் கேம்பெலும் மரத்தூண்களை நெருக்கமாக நட்டு ஒரு வணிக நிலையம் எழுப்பினார்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் ஒரு கிட்டங்கி: சரக்கறை, தங்குமிடம், கணக்கு எல்லாம் ஒரே வளைவுக்குள். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய பினாங்குக் கிட்டங்கியில் புழங்கியது பணம். இங்கே கம்பளி, வெடிமருந்து, பாசிமணி கொடுத்துத் தோல் வாங்கினார்கள். மதில் எதிரிக்காக மட்டுமல்ல, சரக்குக் களவு போகாமலிருக்கவும்தான்.

மண்ணில் நட்ட காட்டன்வுட் மரம் அடியில் ஈரம் ஏறி உளுத்துப்போகும். பக்கத்திலேயே போட்டிக்காரர் ஒருவர் சுடாத பச்சைச் செங்கல்லில் கட்டிவிட, இதற்குள் இந்தக் கடையை வாங்கியிருந்த அமெரிக்கன் ஃபர் கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனமும் 1841-ல் பச்சைச் செங்கல்லுக்கு மாறியது. வைத்த பெயர் ஜான் கோட்டை. ஜனங்கள் வாயில் நின்றது லாரமிதான்.

தோல் கெடாமல் எப்படி அனுப்பினார்கள்?
– வாசகி, பள்ளத்தூர்

முக்கியச் சரக்கு பீவர் தோல். மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் கொறிவிலங்கு அது. (நீர்நாய் என்று மொழிபெயர்க்காதீர்கள், நீர்நாய் வேறு விலங்கு.) குளிர்காலத் தோலுக்குத்தான் மதிப்பு, ரோமம் அப்போது அடர்த்தி. இரும்புப் பொறியை ஆழமில்லாத நீரில் வைத்து, சங்கிலியை ஆழப்பக்கம் முளையடிப்பார்கள். அகப்பட்ட விலங்கு ஆழத்துக்குப் பாய்ந்து மூழ்கிவிட வேண்டும். கரையேறிவிட்டால் காலைக் கடித்துத் துண்டித்துக்கொண்டு தப்பிவிடும்.

உரித்ததும் உட்புறக் கொழுப்பைச் சுரண்டி, வில்லோக் கொம்பை வளைத்த வளையத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். கொழுப்பு மிச்சமிருந்தால் நாறி, ரோமம் உதிரும். காய்ந்ததை ரோமம் உள்ளே இருக்கும்படி மடித்து, அழுத்துப்பொறியில் வைத்துச் சுமார் 100 பவுண்டு கட்டாகக் கட்டுவார்கள். கோவேறு கழுதைக்குப் பக்கத்துக்கு ஒன்று. உள்ரோமத்தின் நுண்முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அதில் உறுதியான தொப்பி செய்ய முடிந்தது. பிறகு பட்டுத் தொப்பி நாகரிகமானது, ஆறுகளில் பீவரும் அருகியது. கடைக்காரர்கள் காட்டெருமைத் தோலுக்குத் தாவினார்கள்.

கம்பெனி ஏன் விற்றது?
– வாசகர், காரைக்குடி

தோல் வருமானம் தேய, கடை முன்னால் போன ஆரகன் பாதையில் மேற்கே குடியேறப் போகிறவர்களின் கூட்டம் மட்டும் பெருகியது. குடியேறிகளின் வண்டிகளைக் காக்க ராணுவத்துக்கு இடம் தேவைப்பட்டது. 1849 ஜூன் 26 அன்று 4,000 டாலருக்குக் கைமாறியது. கலிபோர்னியாத் தங்கத்துக்காக ஜனம் திரண்டுகொண்டிருந்த ஆண்டு அது. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் கூடுதலாகக் கேட்டிருக்கலாமோ என்று நமக்குத் தோன்றுகிறது.

ராணுவம் அணிவகுப்புத் திடலைச் சுற்றிக் கட்டடங்களைப் பரப்பியது. மதிலுக்குப் பணம் ஒதுக்கவே இல்லை. பழைய மண்கோட்டை இடிந்து 1862-க்குள் போய்விட்டது. 1854-ல் குடியேறி ஒருவரின் மாட்டை லக்கோட்டா என்ற பூர்வகுடியினரின் முகாமில் கொன்றவரைப் பிடிக்கப் போன லெப்டினன்ட் கிராட்டனும் அவருடன் சென்ற 29 வீரர்களும் மாண்டார்கள். சண்டையில் படுகாயமடைந்த லக்கோட்டாத் தலைவர் ‘கான்கரிங் பேர்’ சில நாளில் இறந்தார். ஒரு மாட்டுக்கு ஈடு பேசி முடித்திருக்கலாம்!

அங்கே சுண்ணாம்புச் சுவர் உண்டாமே?
– வாசகர், கானாடுகாத்தான்

உண்டு. சுண்ணாம்பு, மணல், சரளைக்கல்லைக் குழைத்துப் பலகை அச்சுக்குள் ஊற்றி, இறுகியதும் பலகையை உயர்த்தி அடுத்த வரி ஊற்றினார்கள். 1874-ன் குதிரைப்படைக் குடியிருப்பு அப்படிக் கட்டியது. 1890-ல் ராணுவம் கிளம்பியதும் ஏலம் எடுத்தவர்கள் கதவு, ஜன்னல், கூரை மரத்தைக் கழற்றிப் போனார்கள். கூரை போனால் தண்ணீர் சுவர் உச்சியில் இறங்கும். அங்கே குளிரில் அது உறைந்து விரிந்து சுவரைப் பிளக்கும். மருத்துவமனை மொட்டைச் சுவராக நிற்பது இதனால்தான். ஆள் குடியிருந்த கட்டடங்கள் தப்பின. 1849-ல் கட்டத் தொடங்கிய ‘ஓல்டு பெட்லம்’ என்ற அதிகாரிகள் குடியிருப்பு இன்றும் நிற்கிறது.