வாய் காயுது, பர்ஸும் காயுது: கேள்வி-பதில்

இந்த தடவ வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ராத்திரி தூக்கத்துல வாய் காஞ்சு போகுது, அதுக்கு எதையாவது வாங்கினேன், வாங்கினது வேலை செய்யல. அதனால வாரம் முழுக்க இதுதான். நீளமா எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, கத்தரி போட்டிருக்கேன்.

கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்கு நாக்கு மேல்தாடையில ஒட்டிக்கிட்டு முழிப்பு வருது. படுக்கறதுக்கு முன்னாடி நல்லா எரியுற மவுத்வாஷ் போட்டு கொப்பளிக்கிறேன், பெரிய பாட்டிலா வாங்கி வச்சிருக்கேன். ஒரு மாசமாச்சு, முன்னைவிட மோசம்.

பதில்: பாட்டில திருப்பி பின்னாடி படிங்க, ஆல்கஹால்னோ எத்தனால்னோ போட்டிருக்கும். எரியுற டைப்ல 20 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கறதும் உண்டு. ஏற்கனவே காஞ்ச வாயில அத ஊத்தினா இன்னும் காயத்தான் செய்யும். எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு யார் சொல்லி வச்சாங்களோ தெரியல. ஆல்கஹால் இல்லாததா, ஃப்ளோரைடு இருக்கறதா பாத்து வாங்குங்க. பெரிய பாட்டில் வாஷ்பேசினுக்கு.

கேள்வி: நைட்ல மூணு நாலு தடவ பாத்ரூம் போறேன், தாகம் அடங்கவே மாட்டேங்குது, வாயும் காயுது. தலைமாட்டுல வச்சுக்க எந்த மாதிரி வாட்டர் பாட்டில் நல்லது?

பதில்: பாட்டில் அப்புறம். நாளைக்கே சுகர் டெஸ்ட்.

கேள்வி: ரூம் காத்துல ஈரம் ஏத்துற ஹ்யூமிடிஃபையர் மெஷின் வாங்கினேன், 'பெரிய ரூமுக்கும் போதும்'னு அட்டையில போட்டிருந்துச்சு. மூணு வாரமா ஓட்டுறேன், வாய் அப்படியேதான் காயுது. இதுல மானிட்டர் மேலயும் அலமாரி மேலயும் மாவு தூவின மாதிரி வெள்ளையா படியுது. மெஷின் பழுதா, இல்ல என்ன ஏமாத்திட்டாங்களா?

பதில்: என் கதைய சொல்றேன், மனசு ஆறும். நான் வாங்கினது ஆந்தை மாதிரி ஒண்ணு, ஏழு கலர்ல லைட் எரியும், லைட்டுக்காகத்தான் வாங்கினேன்னு இப்ப ஒத்துக்கிறேன். டேங்க் என் உள்ளங்கை அளவு. ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் தண்ணி தீந்துடும், தீந்தா சும்மா இருக்காது, கண்ணுல சிவப்பு லைட்ட போட்டுட்டு பீப் பீப்னு கத்தும். வாய் காஞ்சு முழிச்சுக்கிட்டிருந்தவன் ஆந்தை கத்தி முழிச்சுக்க ஆரம்பிச்சேன்.

அந்த வெள்ளைப் பொடி பழுது இல்ல. உங்களது அல்ட்ராசானிக் டைப், அது தண்ணிய அதிர வச்சு தூவும்போது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பையும் சேத்து தூவிடும், தண்ணி காத்துல போயிடும், உப்பு உங்க மானிட்டர்ல உக்காந்துடும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினா நிக்கும். 'பெரிய ரூமுக்கு'ன்னு போட்டிருக்கறத நம்பாதீங்க, மணிக்கு எத்தனை மில்லி விடும், டேங்க் எத்தனை மில்லி, இது ரெண்டையும் பாருங்க, வகுத்தா எத்தனை மணி நேரம் ஓடும்னு வந்துடும். இதப் போடாத மெஷின வாங்காதீங்க. இதுக்கெல்லாம் முன்னாடி ஹைக்ரோமீட்டர்னு ஒரு சின்ன பொருள் இருக்கு, ரூம்ல ஈரப்பதம் எவ்வளவுன்னு காட்டும், அத வாங்கியிருக்கணும், நானும் வாங்கல. 30லேருந்து 50 சதவீதம் காட்டுச்சுன்னா ரூம் மேல குத்தம் இல்ல, நீங்க வாயால மூச்சு விட்டு தூங்குறீங்களான்னு பாக்கணும். அதுக்கு மேல ஏத்தினா சுவத்துல பூஞ்சைதான் வளரும்.

இன்னொண்ணு, டேங்க தினமும் கொட்டி கழுவுங்க. கழுவ சோம்பல்பட்டுட்டு வாசனை எண்ணெய், கிருமிநாசினின்னு எதையும் தண்ணியில கலக்காதீங்க. தென் கொரியாவுல இந்த மெஷின் தண்ணியில கலக்கறதுக்குன்னே கிருமிநாசினி வித்தாங்க, அத சுவாசிச்சு நுரையீரல் கெட்டு நிறைய பேர் செத்தாங்க, 2011லதான் காரணம் இதுன்னு கண்டுபிடிச்சாங்க. செத்ததுல கர்ப்பிணிங்களும் குழந்தைங்களும் உண்டு.

கேள்வி: அண்ணே, ஆஃபர்ல ஆறு மாசத்துக்கு மவுத் டேப் வாங்கிட்டேன். வாய ஒட்டிட்டு தூங்கினா வாய் காயாதுன்னு வீடியோல சொன்னாங்க. எனக்கு எப்பவும் மூக்கடைப்பு உண்டு. ரெண்டாவது ராத்திரியே மூச்சு முட்டி பிச்சு எறிஞ்சுட்டேன். பாக்கெட் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டேங்கறாங்க. பணத்த எப்படி வாங்குறது?

பதில்: மூக்கு அடைச்சிருக்கு, வாயையும் ஒட்டிட்டீங்க, காத்து காது வழியா போகும்னு நினைச்சீங்களா? பணம் போனது போனதுதான், பிரிச்ச சுகாதாரப் பொருள திருப்பி எடுக்க மாட்டோம்னு வாங்கும்போதே போட்டிருப்பாங்க, ஆறு மாச பேக் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார பேக் இருக்கான்னு பாக்கற பொறுமை இல்லாதவருக்கு நான் என்ன பண்ண முடியும். இப்ப மூக்கு டாக்டர பாருங்க, வளைஞ்சிருக்கா, சதை வளந்திருக்கா, அலர்ஜியான்னு அவர் சொல்வார். அடைப்ப உடனே திறக்கற சொட்டு மருந்த நீங்களா வாங்கி மாசக்கணக்கா விடாதீங்க, சில நாளைக்கு மேல போனா அதுவே மூக்க அடைக்கும். கொறட்டையும் உண்டுன்னா தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்கற டெஸ்டும் எடுத்துடுங்க. அதுவரைக்கும் அந்த டேப்ப அட்டைப்பெட்டி ஒட்ட வச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கு 71 வயசு. தொண்டையில கேன்சருக்கு ரேடியேஷன் குடுத்ததுலேருந்து எச்சிலே வத்திப்போச்சு. போன்ல ஒருத்தர் பேசி, மூணு மாச கோர்ஸ், எச்சில் சுரப்பி புதுசா முளைக்கும்னு சொன்னார். முழுப் பணமும் கட்டிட்டேன். வந்த பாட்டில்ல உள்ள என்ன இருக்குன்னே எழுதல. இப்ப போன எடுக்க மாட்டேங்கறாங்க. பிள்ளைங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்கு.

பதில்: வெக்கப்பட வேண்டியது நீங்க இல்லம்மா, அந்த போன் பண்ணவன். ராத்திரி வாய் காஞ்சு தூங்க முடியாம தவிக்கறவங்கதான் இவங்களுக்கு வியாபாரமே.

மொதல்ல அந்த பாட்டில்ல இருக்கறத குடிக்கறத நிறுத்துங்க, ஆனா கீழ ஊத்திடாதீங்க. பாட்டில், வந்த கவர், பணம் கட்டின ரசீது, அவங்க கூப்பிட்ட நம்பர் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைங்க. கார்டுலயோ ஆன்லைன்லயோ கட்டியிருந்தா இன்னைக்கே பேங்க்ல சொல்லி டிஸ்ப்யூட், அதாவது ஏமாத்தி வாங்கின பணம்னு ஆட்சேபம், போடச் சொல்லுங்க, இதுக்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப் போடாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு எழுதாத மருந்த வித்ததுன்னு மருந்து கட்டுப்பாட்டு ஆபீஸுக்கும் ஒரு லெட்டர். இதெல்லாம் தனியா பண்ண முடியாது, அதுக்காகவாவது பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்கம்மா. கொஞ்ச நாள்ல வேற ஒருத்தன் போன் பண்ணி, உங்க பணத்த மீட்டுத் தரேன், அதுக்கு சின்னதா ஒரு ஃபீஸ்னு கேப்பான், அதுவும் அதே கும்பலாத்தான் இருக்கும், வச்சிடுங்க.

ரேடியேஷன்ல கெட்ட சுரப்பிய முளைக்க வைக்கற பாட்டில் எந்தக் கடையிலயும் இல்ல. மிச்சமிருக்கற சுரப்பிய தூண்டுறதுக்கு பைலோகார்பின்னு மாத்திரை இருக்கு, அது எல்லாருக்கும் ஒத்துக்காது, ஆஸ்துமா, ஒரு வகை கண் அழுத்தம் இருக்கறவங்களுக்கு ஆகாது, அதனால உங்க கேன்சர் டாக்டர்தான் முடிவு பண்ணணும். படுக்கும்போது எச்சிலுக்கு பதிலா தடவுற ஜெல் வழவழப்பா கொஞ்ச நேரம் தாங்கும். பல் டாக்டர்கிட்ட கட்டாயம் போங்க, எச்சில் இல்லாத வாயில பல் வேரோரம் சொத்தை வேகமா வரும், சாதா பேஸ்ட்ட விட ஃப்ளோரைடு அதிகமா இருக்கறத எழுதித் தருவார்.

கேள்வி: வாய் வறட்சிக்குன்னே விக்கிற லெமன் மிட்டாய ராத்திரி கன்னத்துல அடக்கிட்டு தூங்குறேன், எச்சில் நல்லா ஊறுது. பல் டாக்டர் ரெண்டு புது சொத்தைங்கறார். சுகர்ஃப்ரீ தானே சார்?

பதில்: வந்துட்டீங்க என் வயித்தெரிச்சல் பக்கத்துக்கு. பாக்கெட்டோட முன்பக்கம் எழுதறது விளம்பர ஆளு, பின்பக்கம் எழுதறது வக்கீல். முன்னாடி எலுமிச்சம்பழப் படம், சிரிக்கற வாய், 'சுகர்ஃப்ரீ'ன்னு கொட்டை எழுத்து, அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. பின்னாடி எறும்பு சைஸ்ல சிட்ரிக் ஆசிட். சர்க்கரை இல்லன்னா பல்லுக்கு நல்லதுன்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க, நினைக்கணும்னுதான் அந்த டிசைன். புளிப்ப அளக்கறது பிஹெச், அது குறைய குறைய புளிப்பு அதிகம். வாயில அது சுமாரா 5.5க்கு கீழ எறங்கினா பல்லோட மேல்பூச்சு எனாமல் கரைய ஆரம்பிக்கும். பகல்ல எச்சில் வந்து அந்தப் புளிப்ப அடக்கிடும், தூங்கும்போது நல்லா இருக்கறவங்களுக்கே எச்சில் ரொம்ப குறைஞ்சிடும், உங்களுக்கு கேக்கவே வேணாம், அதுல ஆசிட்ட கன்னத்துல அடக்கி விடிய விடிய பல்லுக்கு ஊற போட்டிருக்கீங்க. தூக்கத்துல தொண்டையில எறங்கினா அது வேற ஆபத்து. எனக்கும் அனுபவம்தான், வாய் வறட்சி ஸ்ப்ரேன்னு நாலு சேந்த பேக் வாங்கினேன், மூணாவது முடியும்போதுதான் பின்பக்கம் படிச்சேன், அதுலயும் அதே ஆசிட். எழுத்து கண்ணுக்கு தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கி படிங்க, வாங்கறதுக்கு முன்னாடி.

ராத்திரிக்குன்னு ஈறுல ஒட்டிக்கற சைலிட்டால் (சர்க்கரைக்கு பதிலா போடற ஒரு இனிப்பு) வில்லை வருது, மெதுவா கரையும், அதையும் புளிப்பு இல்லாததா பாருங்க. அளவு கூடினா வயிறு போகும். வீட்டுல நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, நாய்க்கு சைலிட்டால் விஷம்.

கேள்வி: தூக்கத்துல மூச்சு நிக்காம இருக்க மாஸ்க் வழியா காத்த அழுத்தி விடற சிபாப் மெஷின் போட்டுத்தான் தூங்குறேன், காலையில வாய் கட்டை. தாடைய கட்டுற பட்டை மூணு விதம் வாங்கியாச்சு.

பதில்: நாலாவது வாங்காதீங்க. காத்து எவ்வளவு லீக் ஆகுதுன்னு மெஷின்ல காட்டும், அத எழுதிட்டு குடுத்தவங்ககிட்ட போங்க, மாஸ்க் சைஸே தப்பா இருக்கலாம். அந்த மெஷினோட ஹ்யூமிடிஃபையர் தொட்டியில தண்ணி ஊத்துறீங்களா, சூடு ஆன்ல இருக்கா?

கேள்வி: தூக்கத்துக்காக நானே கடையில அலர்ஜி மாத்திரை வாங்கி போடுறேன், ஒரு வருஷமா. வாய் காயுதுன்னு ஸ்ப்ரே வாங்குறேன், ரெண்டு வாரத்துல தீந்துடுது. பெரிய சைஸ் கிடைக்குமா?

பதில்: தும்ப விட்டுட்டு வால பிடிக்கறீங்க. தூக்கம் வர வைக்கற பழைய அலர்ஜி மாத்திரைங்க எச்சில குறைச்சிடும். தூக்கத்துக்கு டாக்டர பாருங்க. (டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையில வாய் காயுறவங்க இதப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க, அவர்கிட்ட கேளுங்க, மாத்த முடியுமான்னு பாப்பார்.)

கேள்வி: எல்லாத்தையும் குத்தம் சொல்றீங்களே, உங்க வாய் இப்ப எப்படி?

பதில்: மூக்குக்கு வைத்தியம் பாத்ததுக்கப்புறம் வாரத்துல ஒருநாள் காயுது. அன்னைக்கு பட்டாணி அளவு ஜெல், ரெண்டு மடக்கு தண்ணி. ஆந்தை பால்கனி கதவு சாத்திக்காம முட்டுக் குடுத்து நிக்குது.