பாந்தெயோனின் அடைத்த ஜன்னல்கள்

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக பாரிஸ் போயிருந்தேன். பழைய கிரேக்க, ரோமப் பாணியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் மீட்டெடுத்த நவசெவ்வியல் கலையைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால், கிடைத்த நேரத்தில் பாந்தெயோன் கட்டடத்தையும் லூவர் அருங்காட்சியகத்தில் ஓவியர் தாவீதின் படங்களையும் ஆசையோடு போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். பாந்தெயோனுக்குள் ஒரு பெரிய பிணவறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஜன்னல் இல்லை, எங்கும் சாம்பல் வெளிச்சம். 'ஹொராத்தி சகோதரர்களின் சபதம்' நாடக நடிகர்கள் போஸ் கொடுப்பது போல இருந்தது. சற்றுத் தள்ளி தெலாக்ருவாவின் ஓவியங்களைப் பார்த்தபோதுதான் மூச்சே வந்தது. கிரேக்கத்தையும் ரோமையும் பார்த்து எழுதிய காப்பி என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது? உணர்ச்சியே இல்லாத கலையை எப்படி ரசிப்பது?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

பாந்தெயோனிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே உங்களுக்குத் தோன்றியது சரி. ஆனால் அந்தப் பழி அதைக் கட்டிய சூஃப்லோ மீது விழக் கூடாது.

1744இல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி மெட்ஸ் நகரில் சாகக் கிடந்தார். பிழைத்தால் பாரிஸின் காவல் புனிதை ஜெனவியேவுக்குப் பெரிய தேவாலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார், பிழைத்தும் விட்டார். அந்த நேர்த்திக்கடன்தான் நீங்கள் பார்த்த கட்டடம். வேலை ழாக் ஜெர்மேன் சூஃப்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவர் 1750இல் தெற்கு இத்தாலியில் பேஸ்தம் என்ற ஊருக்குப் போய், அங்கே இடிந்து நிற்கும் கிரேக்கக் கோயில்களை அளந்து வரைந்தவர். அதற்கும் முன்பு, 1741இலேயே, லியோன் நகரத்து அறிஞர் சபையில் இடைக்காலத்து கோதிக் தேவாலயங்களைப் பற்றி மதிப்போடு பேசியவரும் அவர்தான். கோதிக் என்றாலே காட்டுமிராண்டிகளின் கட்டடம் என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது.

இந்த இரண்டு ஆசையும் ஒரே மனிதருக்குள் இருந்ததுதான் விஷயம். கிரேக்கத் தூணின் கம்பீரமும் வேண்டும், கோதிக் கட்டடத்தின் மெலிவும் வெளிச்சமும் வேண்டும். அதுவரை குவிமாடம் வைத்த பெரிய தேவாலயங்களை எல்லாம் யானைக்கால் போன்ற தாங்குதூண்கள்தான் சுமந்தன. சூஃப்லோ அவற்றை முடிந்த மட்டும் மெலியவைத்தார், உள்ளே வரிசையாகத் தனித்தூண்களை நிறுத்தினார், சுவர்களில் பெரிய பெரிய ஜன்னல்களைத் திறந்தார். கோதிக் தேவாலயங்களில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, சுவரைத் தள்ளிப் பிடிக்கும் அந்த அரைவளைவு முட்டுகள், அவையும் இங்கே உண்டு. வெளிச்சுவரை உயர்த்தி, தெருவில் நிற்பவர் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டார். கற்களுக்கு உள்ளே இரும்புக் கம்பிகளைக் கோத்தார். 1770இல் பியேர் பாத் என்ற கட்டடக் கலைஞர், இந்த மெலிந்த தூண்கள் குவிமாடத்தைத் தாங்கவே தாங்காது என்று வெளிப்படையாக எழுதினார். அப்புறம் விரிசல்களும் விட்டன. சூஃப்லோ 1780இல் இறந்துபோக, கட்டடத்தை முடித்துக்கொடுத்த ரோந்தலே பிற்காலத்தில் தாங்குதூண்களைப் பருமனாக்க வேண்டிவந்தது. சொல்லுங்கள், காப்பியடிக்கிறவன் இவ்வளவு ஆபத்தில் கைவைப்பானா? பழைய கோயிலைப் பார்த்து அப்படியே கட்டுவதென்றால் விரிசலுக்கு வேலையே இல்லை. இதுவரை யாரும் கட்டாத ஒன்றைக் கட்ட முயன்றதால் வந்த விரிசல் அது.

அப்படியானால் வெளிச்சம் எங்கே போனது?

கட்டடம் முடிந்தது 1790. அதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டது. 1791 ஏப்ரலில் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மிராபோ இறந்ததும், இனி இது தேவாலயம் அல்ல, தேசத்தின் பெரிய மனிதர்களைப் புதைக்கும் இடம் என்று தேசிய சபை முடிவெடுத்தது. மாற்றும் பொறுப்பை ஏற்ற கத்ரமேர் த கான்சி, கல்லறைக்கு ஜன்னல் எதற்கு என்று கீழ்ச்சுவர் ஜன்னல்களை எல்லாம் கல் வைத்து அடைத்தார். மணிக்கோபுரங்களையும் இடித்தார். இன்றைக்கு உள்ளே விழும் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர் பூவி த ஷவான் புனித ஜெனவியேவின் கதையை வரைந்தது உள்ளே இருக்கும் அந்த மூடிய சுவர்களில்தான். வெளியே கட்டடத்தைச் சுற்றி நடந்தால் பக்கச் சுவரில் அடைத்த ஜன்னல்களின் தடம் இன்னும் தெரியும். சூஃப்லோ கட்டியது வெளிச்ச மாளிகை. நீங்கள் பார்த்தது அதை மூடிச் செய்த கல்லறை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. இந்தக் கலையை வெறுப்பவர்கள் பலரும் அந்த மூடிய சுவர்களைப் பார்த்துத்தான் வெறுக்கிறார்கள்.

தாவீத் விஷயம் வேறு. அங்கே குளிர்ச்சியை அவரே விரும்பி வைத்தார்.

'ஹொராத்தி' படம் அரசாங்கம் கேட்டு வரைந்தது. தாவீத் ரோமுக்குப் போய் 1784இல் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார், சொன்ன அளவைவிடப் பெரிதாக: மூன்று மீட்டருக்கு மேல் உயரம், நாலேகால் மீட்டர் அகலம். அவர் வளர்ந்த காலத்து பிரெஞ்சு ஓவியம் முழுக்க ரோஜா நிறத் தசையும் மேகமும் பட்டும்தான். அந்தப் பாணியின் பெரிய ஆளான பூஷே அவருக்குத் தூரத்து உறவினர் வேறு. அந்த அலங்காரம் அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு, மூன்று வளைவு, மூன்று சகோதரர்கள், தந்தையின் கையில் மூன்று வாள், அவ்வளவு போதும் என்று நிறுத்தினார்.

போஸ் என்கிறீர்கள். ஆமாம், இடப்பக்கம் போஸ்தான், அவர்கள் சபதம் எடுக்கிறார்கள். ஆனால் உங்கள் கண் வலப்பக்கம் போனதா? ரோமுக்கும் ஆல்பா லோங்கா என்ற ஊருக்கும் சண்டை, பக்கத்துக்கு மூன்று சகோதரர்கள் மோதித் தீர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு, ரோமின் பக்கம் ஹொராத்திகள். வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும் பெண்களில் ஒருத்தி ஹொராத்தி வீட்டுப் பெண், எதிரிச் சகோதரர்களில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். இன்னொருத்தி எதிரி வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். யார் ஜெயித்தாலும் இவர்களுக்கு இழவுதான். பின்னால் இருட்டில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளை அணைத்துக்கொண்டிருக்கிறாள், பெரியவன் மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே வாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த தலைமுறைக்கு இது எப்படித் தொற்றுகிறது என்பது அந்தச் சின்ன முகத்தில் இருக்கிறது. உயிரோடு திரும்பும் ஒரே சகோதரன், செத்த எதிரிக்காக அழுத தன் தங்கையையே வெட்டிக் கொல்வான். பாரிஸ் மக்களுக்கு மேடை நாடகமாகவே பழகிய கதை இது. அந்த அழுகையைத் தாவீத் கதறலாக வரையவில்லை. விறைத்த கைகளுக்கும் துவண்ட உடல்களுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் தரையை விட்டார். ஒருவர்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, அந்தக் குழந்தையைத் தவிர. உணர்ச்சி இல்லை என்று நீங்கள் சொல்லும் படத்தில் உணர்ச்சி முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பேன்.

அதே லூவரில் 1789ஆம் வருடத்து 'புரூட்டஸ்' இருக்கிறது. குடியரசுக்கு எதிராகச் சதி செய்த மகன்களுக்குத் தானே மரண தண்டனை கொடுத்த தகப்பன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் பிணங்கள் வீட்டுக்குள் வருகின்றன. வெளிச்சம் விழும் மேஜையில் ஒரு தையல் கூடை, பாதியில் விட்ட வேலை. அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது லூவரில் இல்லை, பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. 1793இல் வரைந்த 'மாராவின் மரணம்' அங்கேதான் உள்ளது, தாவீத் நாடு விட்டுப் போய் இறந்ததும் அதே ஊரில்தான். மாரா எதிரிகளின் தலைகளைக் கேட்டுக் கேட்டு எழுதிய பத்திரிகையாளர். தோல் நோயால் குளியல் தொட்டியில் கிடந்தபடியே எழுதிக்கொண்டிருந்தவரை 1793 ஜூலை 13 அன்று ஷார்லோட் கோர்தே குத்திக் கொன்றாள். இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்தது தாவீத்தான், கோடை வெயிலில் அழுகத் தொடங்கிய அந்த உடலை நேரில் பார்த்தவர். படத்தில் தோல் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒரு புண் இல்லை. கத்திக் காயம் மட்டும் சின்னதாக ஒரு கீறல். பக்கத்தில் மரப்பெட்டி மேல் மைக்கூடு, ஒரு காகிதப் பணம், ஐந்து குழந்தைகளோடு தவிக்கும் ஒரு தாய்க்கு இதைக் கொடுங்கள் என்ற குறிப்பு. கொன்றவள் படத்திலேயே இல்லை, அவள் எழுதிய கடிதம் மட்டும் மாராவின் கையில். படத்தின் மேல்பாதி முழுக்க வெறும் சுவர்.

நான் பார்த்த மிகப் பெரிய ஓவியங்களில் ஒன்று இது, அதே சமயம் ஒரு பெரிய பொய்யும்கூட. தாவீத் அப்போது பொதுப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து கைது ஆணைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டாததை எல்லாம் நீக்கி எளிமையாக்கும் அதே கை, 'ஹொராத்தி'யில் துக்கத்தைக் கூர்மையாக்கியது, இங்கே ஒரு மனிதனின் குற்றங்களைத் துடைத்துப் புனிதனாக்கியது. இந்த பாணியின் பலமும் ஆபத்தும் ஒன்றேதான். எதை விடுவது என்று கலைஞன் எடுக்கும் முடிவிலேயே எல்லாம் இருக்கிறது, அந்த முடிவு நேர்மையாக இல்லாவிட்டாலும் படம் அதே அழகோடுதான் இருக்கும். 1794 செப்டம்பரில் மாராவின் உடல் நீங்கள் பார்த்த அதே பாந்தெயோனுக்குள் போனது, மிராபோவின் உடலை வெளியே எடுத்துவிட்டு. 1795 பிப்ரவரியில் மாராவையும் வெளியே எடுத்துவிட்டார்கள். ஓவியம் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு இந்தத் தூண்கள் அதிகாரத்தின் சீருடையாகிப்போனது எனக்கும் பிடிக்காத கதை. நெப்போலியனுக்கும் அவைதான், வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அவைதான். சென்னையில் இப்போது ராஜாஜி மண்டபம் என்கிறோமே, 1802இல் முடிந்த அந்தக் கட்டடமும் பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கம்பெனி பெற்ற வெற்றிகளின் நினைவாக எழுப்பியதுதான். அங்கெல்லாம் உங்கள் கோபம் செல்லும், என் ஆட்சேபம் இல்லை.

மறுபடி பாரிஸ் போக வாய்த்தால், ஸ்டாலின்கிராட் மெட்ரோவில் இறங்கி லெதூ என்ற கட்டடக் கலைஞரின் வில்லெத் வட்ட மாளிகையைப் பாருங்கள். புரட்சிக்குச் சற்று முன்னால், நகருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கக் கட்டிய சுங்கச் சாவடி அது. நகரைச் சுற்றி இப்படிப் பல சாவடிகளை லெதூ கட்டினார். 1789 ஜூலையில், பாஸ்தீ கோட்டை விழுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, மக்கள் அவற்றில் பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். ரொட்டி விலை ஏறிக்கிடந்த நேரத்தில் வரி வாங்கும் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எஞ்சிய இந்தச் சாவடியின் இரட்டைத் தூண்களையும் வெறும் உருளையாக நிற்கும் அந்த உடலையும் பாருங்கள், கூடவே கால்வாய் ஓரமாக நடந்துவிட்டு வாருங்கள். பார்த்த பிறகும் காப்பிதான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.