படம் படமாக நினைக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் முதலாம் ஆண்டு பி.யூ.சி., அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். பாடப் புத்தகத்தின் பக்கம் அப்படியே கண்முன் வந்து நிற்கிறது என்கிறாள். இவ்வளவு ஞாபகசக்தி இருக்கிறவளை நீட் எழுதவைத்து டாக்டராக்கிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவே செய்துவிட்டார்கள். உங்களுக்கோ வேறு கவலை. டிரினிட்டி சர்க்கிள் பக்கம் பார்த்த விபத்து மாதக்கணக்கில் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இது ஏதாவது கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு இல்லை. மனதில் படம் தெரிவது ஆளுக்கு ஆள் மாறும். 1880லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், அன்று காலை சாப்பிட்ட மேசையை நினைத்துப் பாருங்கள், என்ன தெரிகிறது என்று பலரிடம் கேட்டார். சிலருக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது, சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமே தெரியாத நிலைக்கு ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் 2015ல் அஃபேண்டேசியா என்று பெயர் வைத்தார்கள். அதற்கு நேர் எதிர்க்கோடி ஹைப்பர்ஃபேண்டேசியா. உங்கள் மகள் சொல்வதைப் பார்த்தால் அவள் இந்தப் பக்கம்தான் இருக்கிறாள். இது நோயின் பெயர் இல்லை. இதற்கு மாத்திரையும் தேவையில்லை.

இப்போது ஞாபகசக்திக்கு வருவோம். பெரியவர்களின் கணக்கு தவறுவது இங்கேதான். கேமரா மாதிரி பக்கத்தை அப்படியே பிடித்துவைக்கும் நினைவாற்றல் வளர்ந்தவர்களுக்கு இருப்பதாக இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அவள் நன்றாகப் படித்த ஒரு பக்கத்தை மூடிவிட்டு, கடைசி வரியை வலமிருந்து இடமாக, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையிலேயே பக்கம் கண்முன் இருந்தால் சிரமமே இருக்கக் கூடாது. பெரும்பாலும் தடுமாறுவாள். படம், தலைப்பு, அடிக்கோடு போட்ட இடம் எல்லாம் பளிச்சென்று தெரியும். வரிகளை மனம் தானாக நிரப்பிக்கொண்டிருக்கும். தெளிவாகத் தெரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. இப்படிப்பட்ட பிள்ளைகள் "எனக்குத்தான் தெரியுதே" என்ற நம்பிக்கையில் புத்தகத்தை மூடிவிட்டுப் பரீட்சையில் மார்க்கைக் கோட்டை விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளை தினமும் வெள்ளைத்தாளில் பார்க்காமல் எழுதவைத்து, புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சரி, எந்தத் துறை? படம் தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மலுக்கு மனதில் படமே தெரியாது, அவரே சொல்லியிருக்கிறார். அதனால் படம் தெரிகிறதா என்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் படத்தை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்றும் பாருங்கள். சிலருக்கு நிறம், துணியின் நெசவு, முகத்தின் சாயல் எல்லாம் அச்சாக வரும். ஆனால் அந்தப் பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்க வராது. வேறு சிலருக்கு நிறம் மங்கல்தான், ஆனால் ஒரு இயந்திரத்தைத் திருப்பி, பிரித்து, மறுபடி பூட்டிப் பார்ப்பார்கள். ஆராய்ச்சிகளும் இவற்றை இரண்டு தனித் திறமைகளாகவே பார்க்கின்றன. ஓவியர்களிடம் முதல் வகை அதிகம், அறிவியல் துறையினரிடம் இரண்டாவது.

ஒரு தாளை இரண்டு முறை மடித்து மூலையில் ஒரு ஓட்டை போடுங்கள். விரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று, விரிப்பதற்கு முன்னால் அவளை வரையச் சொல்லுங்கள். சட்டென்று வரைந்தால் கட்டடக்கலை, இயந்திர வடிவமைப்பு போன்றவற்றை யோசிக்கலாம். கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க். சேரக் கணக்கு கட்டாயம், அதனால் இப்போதைக்குக் கணக்கை விட்டுவிட வேண்டாம். இதில் திணறி, ஆனால் உங்கள் கல்யாணப் புடவையின் பார்டரை நிறம் மாறாமல் வரைந்து காட்டினால் ஓவியம், ஜவுளி வடிவமைப்பு, அனிமேஷன் பக்கம் பாருங்கள். வடிவமைப்புப் பட்டப்படிப்புக்காக ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். அதில் வரைதலும் உண்டு, மனதில் திருப்பிப் பார்க்கும் கேள்விகளும் உண்டு. நம் ஊரில் குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் என்ற ஓவியக் கல்லூரி இருக்கிறது. பலர் ஏமாந்துபோகும் ஒரு விஷயம்: தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் முதுநிலைப் படிப்பு மட்டும்தான். பி.யூ.சி. முடித்தவுடன் சேர அகமதாபாத் போன்ற மற்ற வளாகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடற்கூறியலில் இவள் ஜொலிக்கலாம். ஆனால் எம்.பி.பி.எஸ். முடிக்கிற எல்லோரும் பயிற்சிக் காலத்தில் கேஷுவாலிட்டியில் நின்றே ஆக வேண்டும். வார்த்தையை விட மனப்படம் உணர்ச்சியை அதிகம் கிளறும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அங்கே பார்த்ததெல்லாம் இவளோடு வீட்டுக்கும் வரும். அதைத் தாங்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். மாமாவும் சித்தப்பாவும் சொல்ல வேண்டிய பதில் இல்லை இது.

அந்த விபத்து விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி தானாக வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அந்த வழியாகப் போகவே அவள் மறுத்தால், மனநல நிபுணரைப் பார்ப்பதுதான் சரி. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்; இலவசம், தமிழிலும் பேசலாம். "அதையே நினைச்சுட்டு இருக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் வேண்டுமென்று நினைக்கவில்லை, அது தானாக வருகிறது.

என்னைப் பார்க்க வரும்போது மார்க் கார்டோடு அவளுடைய ரஃப் நோட்டுகளையும் கொண்டு வாருங்கள். ஓரத்தில் கிறுக்கியது, அடித்துவிட்டது எல்லாம் இருக்கட்டும்.