தென்கொரியாவில் ராணுவச் சட்டம் ஒரே இரவில் முறிந்தது எப்படி?

ராணுவச் சட்டம் என்றால், சிவில் நிர்வாகம் பார்க்க வேண்டிய வேலைகளை ராணுவம் கையில் எடுத்துக்கொள்வது. 2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் சுக் யோல் அதை அறிவித்தார். கட்சி நடவடிக்கைகளுக்குக்கூடத் தடை. ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பின் 77-வது பிரிவுப்படி, நாடாளுமன்றப் பெரும்பான்மை கேட்டால் அதிபர் அதை விலக்கியே ஆக வேண்டும். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருந்தாலும் கண்டக்டர் விசில் அடித்தால் பஸ் நிற்கும் இல்லையா, அந்த மாதிரி.

சரி, விசில் அடிக்க நாடாளுமன்றத்துக்குள் போக வேண்டுமே? படைகள் சூழ்ந்திருந்தன. சில எம்.பி.க்கள் வேலியேறிக் குதித்தார்கள். வெளியே பொதுமக்கள் படையினரை மறித்து நின்றார்கள். 300 பேரில் 190 பேர் வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரும் விலக்கச் சொல்லி வாக்களித்தார்கள்.

இது முழுக்க எதிர்க்கட்சிகளின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 190-ல் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள்.